கழிமுகம்: மீன்குஞ்சுகளின் ஆயாக்கொட்டகை



கோலாலம்பூர், குவாலா சிலாங்கூர், குவாலா கெடா, குவாலா திரெங்கானு என நம் நாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றில் 'குவாலா' என்னும் சொல் முன்னே நிற்கிறது. ஓர் ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ சென்று கலக்கும் இடத்துக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயர் அது. ஆறு கடலோடு கலக்கும் இடத்தைத் தமிழில் கழிமுகம் என்றும் முகத்துவாரம் என்றும் சொல்கிறோம். நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்துக் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றனர். நெய்தலைப் பாடிய புலவர்கள் உப்பங்கழியையும், அதன் கரையில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரத்தையும் மறவாமல் குறித்து வைத்தனர்.

ஆற்று வாயில் மனிதன் ஊர் அமைத்தது வாணிகத்துக்காகவும் பயணத்துக்காகவும். ஆனால் அவனுக்கும் முன்பே அந்த இடத்தின் அருமையை அறிந்து அங்கே குடியேறியவை மீன்குஞ்சுகள். இன்றைய பேச்சில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண முயல்வோம். கடலில் பிறந்த மீன்குஞ்சு ஏன் ஆற்று வாயைத் தேடி வருகிறது? கடல் சூடேறி வரும் இக்காலத்தில் சிறு மீன்கள் சில புதிய கரைகளுக்குப் பரவி வருகின்றனவே, அந்தப் பரவலுக்கும் கழிமுகத்துக்கும் என்ன தொடர்பு?

தங்காக் வட்டாரத்தில் வாழும் நமக்கு அண்ணாந்து பார்த்தால் தெரிவது 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் மலை. நகரிலிருந்து பார்த்தால் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கடல் மீனுக்கும் நமக்கும் சந்தையில் மட்டுமே உறவு என்று தோட்டத்துப் பிள்ளைகள் எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் இங்கே பெய்யும் மழைக்குப் போக வேறு இடம் ஏது? தோட்டத்து வாய்க்கால் ஓடையில் விழுகிறது. ஓடை ஆற்றில் சேர்கிறது. மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லையாக ஓடும் கெசாங் ஆற்றின் வழியாகவோ, நெகிரி செம்பிலானில் தோன்றிச் சிகாமட் வழியாக வந்து மூவார் நகரில் கடலை அடையும் மூவார் ஆற்றின் வழியாகவோ, நம் மழைநீர் மலாக்கா நீரிணைக்கே போய்ச் சேர்கிறது. நாம் கடலைப் பார்க்காவிட்டாலும் நம் வீட்டு நீர் நாள்தோறும் கடலைப் பார்க்கிறது.

சரி, கழிமுகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

தோட்டத்து ஆயாக்கொட்டகையை அறியாதவர் நம்மில் யார்? பொழுது புலருமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தாய், கைக்குழந்தையை அங்கே விட்டுச் செல்வாள். அங்கே தொட்டில் உண்டு. வேளைக்குப் பால் உண்டு. வெயிலும் மழையும் தாக்காத கூரை உண்டு. பூச்சி பொட்டு அண்டாமல் பார்த்துக்கொள்ள ஆயா உண்டு. குழந்தை பிறந்தது ஓரிடம், வளர்வது ஓரிடம், பெரியவனாகி உழைக்கப் போவது வேறோரிடம். கடல் மீன்கள் பலவற்றின் வாழ்க்கையும் இப்படித்தான் மூன்று இடங்களில் நடக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு: மீன்குஞ்சைக் கொண்டுவந்து விடுவதற்குத் தாய் இல்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்தக் குஞ்சு தானாகவே வழி கண்டு வரவேண்டும்.

வெள்ளை இறாலை எடுத்துக்கொள்வோம். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து, குஞ்சு பலமுறை உருமாறி, இரண்டு மூன்று வாரங்களில் கரையை நோக்கி வருகிறது. நீந்தி வருவதற்கு அதற்கு வலிமை போதாது. ஆகவே அது ஏற்றவற்றத்தைத் துணைக்கொள்கிறது. கடல்நீர் ஏறும்போது மேலே எழும்பி நீரோடு உள்ளே வருகிறது. நீர் வற்றும்போது தரையோடு தரையாகப் படுத்துக்கொள்கிறது. மறுபடி நீர் ஏறினால் மறுபடி ஒரு படி உள்ளே. இவ்வாறு படிப்படியாகச் சதுப்பு நிலக் காட்டின் ஓடைகளுக்குள் நுழைந்து, மூன்று நான்கு மாதங்கள் அங்கே தின்று வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகிறது. கடலில் பிடிபட்டுச் சந்தைக்கு வரும் வெள்ளை இறால் பெரும்பாலும் இப்படி ஒரு முறை கழிமுகத்தில் குடியிருந்து வந்ததாகும்.

சியாக்காப் என்று இங்கே வழங்கும் கொடுவா மீன் ஆற்று வாயை ஒட்டி முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் சதுப்பு நிலத்திலும், அதற்கு மேலே நன்னீரிலும்கூட வளர்கின்றன. பெலானாக் எனப்படும் மடவை கடலில் முட்டையிட, அதன் குஞ்சுகள் கூட்டங் கூட்டமாகக் கழிக்குள் வருகின்றன. செம்பிலாங் என்னும் கெளுத்தியோ கழிமுகத்துச் சேற்றையே வீடாகக் கொண்டது. இதற்கு மாறாக, கெம்போங் மீன் தன் வாழ்நாளைக் கடலிலேயே கழிப்பது. எல்லா மீனுக்கும் கழிமுகம் தேவை என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் தேவைப்படும் மீனுக்கு அதற்கு மாற்று வேறொன்று இல்லை.

கழிமுகம் தரும் நன்மைகள் மூன்று.

முதலாவது உணவு. பாக்காவ் முதலிய சதுப்பு நில மரங்கள் ஆண்டு முழுவதும் இலை உதிர்க்கின்றன. இலை சேற்றில் விழுந்து மக்குகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்ன, நுண்ணுயிர்களைச் சிற்றுயிர்கள் தின்ன, சிற்றுயிர்களை மீன்குஞ்சு தின்கிறது. மலையிலிருந்து ஆறு கொண்டுவரும் சத்தும் இதனோடு சேர்கிறது. பெலாச்சான் செய்யப் பயன்படும் சின்னஞ்சிறு இறாலும் இத்தகைய நீரில்தான் திரளாக உண்டாகிறது.

இரண்டாவது மறைவிடம். பின்னிக் கிடக்கும் வேர்களுக்கிடையே பெரிய மீன் நுழைய முடியாது. நீர் கலங்கலாக இருப்பதால் வேட்டையாடும் மீனுக்கு இரை எளிதில் தெரிவதில்லை. நமக்கு அழுக்காகத் தோன்றும் அந்தக் கலங்கல், குஞ்சுக்குப் போர்வையாகும்.

மூன்றாவது உப்பின் ஏற்றத்தாழ்வு. கழிமுகத்து நீர் காலையில் உவர்ப்பாகவும் மழைக்குப் பின் ஏறக்குறைய நன்னீராகவும் இருக்கக்கூடும். உப்பு நீரில் மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறுகிறது. ஆகவே அது கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. நன்னீரிலோ நீர் உடலுக்குள் புகுகிறது. அப்போது சிறுநீரகம் அந்த நீரை வெளியேற்ற வேண்டும். இவ்விரண்டு வேலைகளையும் மாற்றி மாற்றிச் செய்யும் ஆற்றல் எல்லா மீனுக்கும் இல்லை. கடலில் வேட்டையாடும் பெருமீன்கள் பல இந்த நீருக்குள் வருவதில்லை. குஞ்சுக்கு அதுவே காவல்.

இது வெறும் கற்பனை அன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சசேகுமார், சோங் விங் சிங் முதலியோர் சிலாங்கூர் கரையோரச் சதுப்பு நிலக் காடுகளை ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். சதுப்பு நில ஓடைகளில் 119 வகை மீன்களும் 9 வகை இறால்களும் அவர்களுக்குக் கிடைத்தன. சேறும் கொசுவும் தவிர வேறென்ன அங்கே இருக்கிறது என்று கேட்போருக்கு இந்த எண்ணிக்கையே போதிய விடையாகும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மீன் தன் உடல்வெப்பத்தை நம்மைப்போல் நிலையாக வைத்துக்கொள்வதில்லை; பெரும்பாலான மீன்களின் உடல்வெப்பம் சூழ்ந்திருக்கும் நீரின் வெப்பமே. ஆகவே கடல்நீர் சற்றே சூடேறினாலும் மீனுக்கு அது பெரிய செய்தி. குளிர்ச்சியாக இருந்ததால் முன்பு போக முடியாத இடம் இப்போது ஏற்றதாகிறது. பழைய இடம் சில மீன்களுக்கு ஒவ்வாததாகிறது. சிறு மீன்கள் விரைவில் பருவமடைந்து ஏராளமாக முட்டையிடுவதால், இந்த மாற்றம் அவற்றில் சீக்கிரமாகவே வெளிப்படுகிறது.

தமிழரும் மலையாளிகளும் நன்கறிந்த நெய்ச்சாளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மத்தி என்றும் இதைச் சொல்வர். 1980களின் நடுப்பகுதி வரையில் இது பெரும்பாலும் கேரளம், கருநாடகம் முதலிய மேற்குக் கரைக்கே உரிய மீனாக இருந்தது. பின்னர் வடக்கே குஜராத் பக்கமும், கிழக்கே தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளிலும் வலைகளில் மிகுதியாக விழத் தொடங்கியது. கடல்நீர் சூடேறி வருவதை இதற்கு முக்கியக் காரணமாக இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் கருதுகின்றனர். நெய்ச்சாளை கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்வது. நீரும் இரையும் ஒத்துவந்தால் அது எந்தக் கரைக்கும் போகலாம். ஆனால் கழிமுகத்தை நம்பியிருக்கும் மீனுக்கு அது போதாது. போகும் இடத்தில் குஞ்சு வளர ஒரு கழிமுகமும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நடப்பது என்ன? இருந்தால் நடப்பது என்ன? இவ்விரண்டையும் ஒரே நாட்டின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. அந்த நாடு ஹாலந்து என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நெதர்லாந்து.

அங்கே ஸைடர்ஸே என்னும் பெரிய உள்வளைகுடா ஒன்று இருந்தது. ஆற்று நீரும் கடல்நீரும் அதில் கலந்தன. வசந்த காலத்தில் ஹெர்ரிங் மீனும், நம் ஈக்கான் பிலிஸின் உறவினமான ஐரோப்பிய நெத்திலியும் முட்டையிட அங்கே வந்தன. அவற்றை நம்பிப் பல மீனவ ஊர்கள் வாழ்ந்தன. வெள்ளத்தைத் தடுக்கவும் விளைநிலம் பெறவும் அந்த நாட்டினர் வளைகுடாவின் வாயில் 32 கிலோமீட்டர் நீளமுள்ள கரைமேடு ஒன்றை எழுப்பி, 1932 மே 28ஆம் நாள் அதை முற்றாக மூடினர். உள்ளே இருந்த நீர் நன்னீர் ஏரியாக மாறிற்று. சில ஆண்டுகளுக்குள் ஸைடர்ஸேயின் ஹெர்ரிங் கூட்டம் இல்லாமற் போயிற்று. நெத்திலியும் குறைந்தது. வடக்கே வாடன் கடலிலும் தெற்கே கிழக்கு ஸ்கெல்டா என்னும் முகத்துவாரத்திலும் ஏதோ கொஞ்சம் எஞ்சியது.

பின்னர் 1953ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பெரும்புயலில் கடல் கரை கடந்து அந்நாட்டில் 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இனி ஒரு முறை இப்படி நேரக் கூடாது என்று தெற்கேயுள்ள முகத்துவாரங்களை அடைக்கத் திட்டமிட்டனர். கிழக்கு ஸ்கெல்டாவையும் முற்றாக மூடுவதாகவே ஏற்பாடு. அப்போது சிப்பி வளர்ப்போரும் மீனவரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்து நின்றனர். நீண்ட வழக்காட்டத்திற்குப் பின் அரசாங்கம் திட்டத்தை மாற்றியது. அடைக்கும் கரைக்குப் பதிலாக 62 இரும்புக் கதவுகள் கொண்ட தடுப்பு ஒன்று கட்டப்பட்டு 1986இல் திறக்கப்பட்டது. புயல் வந்தால் கதவுகள் இறங்கும். மற்ற நாள்களில் கடல் வழக்கம்போல் உள்ளே வந்து போகும். மக்களுக்கும் பாதுகாப்பு, மீனுக்கும் வழி.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடகடலில் நெத்திலி பெருகத் தொடங்கிற்று. தெற்கே ஸ்பெயின், பிரான்ஸ் பக்கத்து மீன்கள் சூட்டைத் தொடர்ந்து வடக்கே வந்துவிட்டன என்றே முதலில் பலரும் எண்ணினர். ஆனால் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் 2012இல் வெளியிட்ட முடிவு வேறு. பெருகியவை பெரும்பாலும் வந்தேறிகள் அல்ல. அங்கேயே எஞ்சியிருந்த பழைய கூட்டத்தின் வழித்தோன்றல்களே. கோடைகள் வெதுவெதுப்பானதும் அந்தச் சிறு கூட்டம் தழைத்து, கடலெங்கும் பரவிற்று.

நேயர்களே, இதில் அடங்கியுள்ள பாடத்தைக் கவனியுங்கள். மீன் பரவுவதற்குக் கடலின் வெப்பம் அழைப்பு விடுக்கலாம். ஆனால் அழைப்பு வரும் நாளில் மீன் இருக்க வேண்டும். அதன் குஞ்சு வளர இடம் இருக்க வேண்டும். திறந்திருந்த கழிமுகங்களில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருந்த நெத்திலி, காலம் வந்ததும் பெருகியது. மூடிய கதவின் முன் நின்ற ஹெர்ரிங் கூட்டத்துக்கு அந்தக் காலம் வரவே இல்லை.

இப்போது நம் கரைக்குத் திரும்புவோம். மலாக்கா நீரிணை நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ளது. அதன் நீர் ஏற்கெனவே சூடானது. குளிர்நாட்டுக் கடலுக்குச் சூடு புதிய மீனைக் கொண்டுவரலாம். நம் கடலுக்கு அப்படி அல்ல. இதைவிடச் சூடான இடத்திலிருந்து நமக்கு மீன் வர அப்படியோர் இடமே இல்லை. 2010இல் வெளியான உலகளாவிய கணிப்பு ஒன்று, இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் குளிர் மண்டலக் கடல்களில் பிடிபடக்கூடிய மீனின் அளவு உயரலாம் என்றும், வெப்பமண்டலக் கடல்களில் 40 விழுக்காடு வரை குறையலாம் என்றும் கூறுகிறது. அது கணிப்புத்தான், விதி அன்று. ஆனால் கைவசம் உள்ள மீனைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் மற்றவர்களைவிட நமக்கே மிகுதி என்பதை அது உணர்த்துகிறது. கடலைக் குளிர்விக்க ஓர் ஊராரால் ஆகாது. கழிமுகத்தைக் காப்பது ஊராரால் ஆகும்.

மேற்கு ஜொகூரின் கரையோரம் தாழ்வான நிலம். பாரிட் ஜாவா, பாரிட் சூலோங் என்று வழங்கும் ஊர்ப்பெயர்களில் வரும் 'பாரிட்' என்பது நீர் வடிய வெட்டிய வாய்க்கால். வாய்க்கால் வெட்டித்தான் முன்னோர் தென்னையும் பாக்கும் ரப்பரும் வைத்தனர். 1970களில் தொடங்கிய மேற்கு ஜொகூர் வேளாண் வளர்ச்சித் திட்டத்தின் கீழ்க் கரைமேடுகளும், கடல்நீர் உள்ளே புகாமல் தடுக்கும் மதகுகளும் பெருகின. அவை இல்லாவிட்டால் தோட்டங்களும் வீடுகளும் உவர்நீரில் மூழ்கும். ஆகவே அவற்றைக் குறை சொல்வது முறையன்று. ஆனால் ஏற்றத்தோடு மேலே எழும்பி உள்ளே வர முயலும் இறால் குஞ்சுக்கு மூடிய மதகு ஒரு மதில்சுவர். கரைமேட்டுக்கு வெளியே மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலமும், மதகில்லாமல் கடலோடு பேசிக்கொண்டிருக்கும் மூவார் போன்ற பெரிய ஆற்று வாய்களும் அதனால்தான் இன்னும் அருமையாகின்றன. பாரிட் ஜாவாவின் சேற்றுப் பரப்பில் பூரோங் போத்தாக் எனப்படும் பெருநாரைகள் இரை தேடி நிற்கின்றன. அந்தச் சேறு இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி.

மற்றொன்று நீரின் தூய்மை. இதில்தான் தோட்டத்து மக்களாகிய நமக்கு நேரடிப் பங்கு உண்டு. செம்பனை ஆலையின் கழிவுநீர் நஞ்சு அன்று. ஆனால் ஆற்றில் மக்கும்போது நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடுகிறது. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறி, 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. கழிவு உறிஞ்சும் உயிர்வளியின் அளவு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 1978இல் தொடங்கி, படிப்படியாக இறுக்கி, 1984இல் 100 மில்லிகிராமாகக் குறைத்தனர். சுத்திகரிக்காத கழிவில் அது ஏறக்குறைய 25,000 என்பதை நோக்கினால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். ஆலையும் ஓடியது; ஆறும் மூச்சு விட்டது. முறையான விதியும் அதைச் செயற்படுத்தும் மனமும் இருந்தால் இரண்டையும் காக்கலாம் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

காட்டைப் பயன்படுத்திக்கொண்டே காப்பதற்கும் நம் நாட்டில் முன்மாதிரி உண்டு. பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்பு நிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது வனத்துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ஒரு பகுதியில் மரம் வெட்டினால் மறுபடி அங்கே வெட்ட முப்பது ஆண்டுகள் காத்திருப்பது வழக்கம். கரிச் சூளைகளுக்கு மரம் கிடைக்கிறது. மீனவருக்கு மீனும் கிடைக்கிறது. நம் ஜொகூரிலும் புலாய் ஆற்று முகத்துவாரம், பூலாவ் கூக்குப், தஞ்சோங் பியாய் ஆகிய மூன்றும் 2003இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. பெரிய காடு பெயர் பெறுகிறது. நம் பக்கத்துச் சிறிய கழிக்கரைகளுக்கு அப்படிப் பெயர் இல்லை. ஆனால் வழி தேடி வரும் இறால் குஞ்சு பெயர்ப் பலகையைப் பார்த்து வருவதில்லை.

நாம் என்ன செய்யலாம்? தோட்டப் பள்ளிகளில் கற்பிக்கும் எங்களைப் போன்றோர்க்கு இதில் ஓர் எளிய பாடம் இருக்கிறது. பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் எந்த ஓடையில் சேர்கிறது, ஓடை எந்த ஆற்றில் சேர்கிறது என்று பிள்ளைகளை வரைபடத்தில் கோடு இழுக்கச் செய்யலாம். விரல் கடலைத் தொடும் வரையில் நிறுத்தக் கூடாது. பிறகு வீட்டில் அந்த வாரம் சமைத்த மீன்களின் பெயரை எழுதி வரச் சொல்லி, எது கழிமுகத்தில் வளர்ந்தது, எது கடலிலேயே வளர்ந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். மூவார்ப் பக்கத்து அசாம் பெடாஸ் குழம்புச் சட்டியில் கழிமுகம் எத்தனை முறை வந்து போயிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

பெற்றோர்களும் செய்யக்கூடியது உண்டு. பூச்சிமருந்துப் போத்தலை வாய்க்காலில் கழுவாதிருப்பதும், பழைய எண்ணெயையும் நெகிழிப் பையையும் ஓடையில் எறியாதிருப்பதும் பெரிய தியாகங்கள் அல்ல. கரையோரத்தில் சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டடம் எழுப்பும் திட்டம் வரும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் நடைமுறை நம் நாட்டில் உண்டு. அப்போது மீனவரோடு நாமும் சேர்ந்து வாய் திறக்கலாம். மீன் விலை ஏறும்போது முதலில் தட்டில் மீன் குறைவது நம் போன்றோர் வீட்டில்தான். ஆகவே இது மீனவர் கவலை மட்டும் அன்று.

ஆயாக்கொட்டகையை இடித்துவிட்டு, தோட்டத்தில் பிள்ளைகள் ஏன் தழைக்கவில்லை என்று கேட்பவரைக் கண்டால் நாம் சிரிப்போம். கழிமுகத்தைத் தூர்த்துவிட்டு, கடலில் மீன் ஏன் குறைந்தது என்று கேட்பதும் அத்தகையதே. இன்று நம் ஆற்று வாயில் சேற்றோடு சேறாகப் பதுங்கியிருக்கும் குஞ்சுதான் நாளைய வலைக்கு உரியது. நாளை மறுநாள் எந்தக் கரைக்குப் பரவுவதென்றாலும் அது இங்கிருந்துதான் புறப்பட வேண்டும். அது வரும் வழியும் போகும் வழியும் திறந்தே இருக்கட்டும்.